கேப்டன் தமிழ்ச்செல்வன் அவர்களுக்கு, தாராவிப் பட்டறைக்காரர் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இருப்பது தாராவி, நீங்கள் பக்கத்துச் சயான் கோலிவாடா எம்.எல்.ஏ. உங்களுக்கு ஓட்டுப் போடும் வாய்ப்பு எனக்கு இல்லை. இருந்தாலும் 288 பேர் உட்காரும் மகாராஷ்டிர சட்டமன்றத்தில், எங்கள் கஷ்டத்தைத் தமிழிலேயே கேட்டு மராத்தியில் எடுத்துச் சொல்லக்கூடியவர் நீங்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து வந்து, மும்பை சி.எஸ்.டி. (சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்) ரயில் நிலையத்தில் சரக்குக் கையாளும் ஒப்பந்தக்காரராக வளர்ந்தவர் நீங்கள். 2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதத் தாக்குதலில் குண்டடி பட்டவர்களை உங்கள் ஆட்களோடு சேர்ந்து மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்ததை மும்பைத் தமிழர்கள் மறக்கவில்லை. 2014, 2019, 2024 என மூன்று முறை ஜெயித்திருக்கிறீர்கள். ஆளை வைத்து வேலை வாங்கி, சனிக்கிழமை ஆனால் கூலி எண்ணிக் கொடுக்க வேண்டியவனின் கவலை உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் கவலை மேல்மாடி பற்றியது. குடிசைகளை இடித்துப் புதுக் கட்டடம் கட்டும் தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகையோடு தவணை கட்டி வாங்கும் வீடு. சரி, வீட்டுக்கு ஒரு கணக்கு வைத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் சந்தில் மாடி என்றால் பட்டறை. கீழே தோல் வெட்டுவார்கள். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறிப் போனால் தையல் மெஷின்கள். தைத்த பைகளை மூட்டையாகக் கட்டிக் கயிற்றில் இறக்குவோம். ஜிப்புக் கடை, பசைக் கடை, பக்கிள் கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில். காலையில் வந்த ஆர்டர் சாயங்காலம் கைவண்டியில் ஏறுவது இந்த நெருக்கத்தால்தான். தைக்கிறவனைத் தாராவிக்கு வெளியே முலுண்டுக்கோ தேவ்னாருக்கோ அனுப்பிவிட்டால் வெட்டுகிறவனுக்கும் வேலை போய்விடும். முறுக்கு சுடும் அக்காமார்களுக்கும், விடியற்காலையில் இட்லி அவித்து ஊரெல்லாம் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே நிலைதான்.

திட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று மெஷினைத் தூக்கி வைக்கிறவர்கள் நாங்கள், நல்ல கட்டடம் எங்களுக்கும் வேண்டும்.

சட்டமன்றத்தில் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: மாடிப் பட்டறையைத் தொழிலிடமாகத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும், அதற்கு மாற்றிடம் தாராவிக்குள்ளேயே தர வேண்டும். பட்டறையிலேயே தங்கி வேலை பார்க்கும் பையன்களிடம் வாடகைச் சீட்டு கிடையாது, அவர்களையும் விட்டுவிடக் கூடாது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன் ஒருமுறை வந்து பாருங்கள், ஐயா. மாலை, மேடை எதுவும் வேண்டாம். மெஷின் ஓடும் வேலை நாளாகப் பார்த்து வாருங்கள், ஏணி ஏறி மேலே வாருங்கள், எங்கள் கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
90 அடி சாலைப் பக்கம் பை தைக்கும் பட்டறைக்காரர்,
தாராவி, மும்பை