சின்ன டீச்சரின் சம்பளம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள், அப்புறம் மதிப்பெண்களை எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் ஏற்றுவது என்று ஓடிவிட்டது. விடுமுறை விட்டு இரண்டு நாள் தூங்கி எழுந்த பிறகுதான் பேனாவைப் பிடிக்கத் தெம்பு வந்திருக்கிறது.

"உனக்கென்னம்மா, அரசாங்க டீச்சர்" என்று எழுதியிருக்கிறாய். கோபம் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த மெட்ரிக் பள்ளிக்கு விடியும் முன் கிளம்பிப் போய், சாயங்காலம் வேனில் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு வருகிறாய். கைக்கு வருவது பதினாலாயிரம். அங்கிருந்து பார்த்தால் நான் ராணிதான். விடுதியில் ஒரே அறையில் படுத்து, ஒரே கோந்து பாட்டிலில் சார்ட் ஒட்டி, ஒரே நாளில் டி.டி.எட். என்ற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியவர்கள் நாம். உன் கல்யாணம் உன்னைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனது. நான் கள்ளக்குறிச்சிப் பக்கமே இருந்து வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே காத்திருந்தேன். வேறு என்ன வித்தியாசம் நமக்குள்?

ஆனால் ராணிக்குப் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று உனக்குத் தெரியாது. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஊரில் என்னைப் பெரிய டீச்சர் என்பார்கள், அவளைச் சின்ன டீச்சர். என்னைவிட நாலு வயது இளையவள், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். நான் வேலையில் சேர்ந்தது 2008 நவம்பரில். அவள் 2009 ஜூலையில். இடையில் எட்டு மாதம். ஆறாவது ஊதியக் குழுவைத் தமிழ்நாட்டில் அமல்படுத்தியது அந்த எட்டு மாதத்துக்குள்தான். 2009 மே 31 அன்று பணியில் இருந்தவர்களுக்குப் பழைய அடிப்படைச் சம்பளமான 4,500ஐ 1.86ஆல் பெருக்கினார்கள், 8,370 வந்தது. ஜூன் 1க்குப் பிறகு வந்தவர்களுக்குப் பெருக்குவதற்குப் பழைய சம்பளம் ஏது? புதிய விகிதத்தின் முதல் படியான 5,200ல் நிறுத்திவிட்டார்கள். அதோடு சேரும் தர ஊதியம் 2,800 மட்டும் இருவருக்கும் ஒன்று. வித்தியாசம் 3,170 ரூபாய்.

அது அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்தின் மேல்தானே ஏறும்? 2017ல் ஏழாவது ஊதியக் குழு வந்தபோது எல்லாவற்றையும் 2.57ஆல் பெருக்கினார்கள். 3,170ஐ நீயே பெருக்கிப் பார், எட்டாயிரத்தைத் தாண்டும். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சில நாள் எனக்கே நாக்கு குழறும்.

இந்த விடுமுறையில் அவள் சென்னையில் இருக்கிறாள், போராட்டத்துக்குப் போயிருக்கிறாள். 2022 டிசம்பர் கடைசியிலும் இப்படித்தான் எங்களைப் போன்ற இடைநிலை ஆசிரியர்கள் பள்ளிக்கல்வித் துறை இயக்ககம் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். பலர் மயங்கி விழுந்தார்கள். 2023 புத்தாண்டன்று மூன்று பேர் குழு அமைப்பதாக அறிவிப்பு வந்தது, எல்லோரும் வீடு திரும்பினார்கள். தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையிலேயே 311வது எண்ணில் இருந்த வாக்குறுதிதான். 311 என்று எண்ணைச் சொன்னாலே ஆசிரியர்களுக்குப் புரியும். குழு வந்த பிறகும் அவள் சம்பளப் பட்டியலில் ஒரு ரூபாய் மாறவில்லை. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்ற அட்டையை இந்த முறை நான்தான் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாயிருக்குமாம்! கூடுதல் சம்பளம் வாங்குகிறவள் கையெழுத்தில் அந்த வாசகம். எழுதி முடித்ததும் எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. மாதக் கடைசியில் சம்பளக் குறுஞ்செய்தி வந்தால் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அவளுக்கும் அது தெரியும், ஒன்றும் கேட்கமாட்டாள்.

சரி, வேலையாவது வேறு வேறா? 41 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு பேர். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. ஒன்று முதல் மூன்று வரை அவளிடம், நாலும் ஐந்தும் என்னிடம். கூடவே தலைமையாசிரியர் பொறுப்பும் என் தலையில். நான் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் அவள்தான். அன்றைக்கும் அவளுக்கு அதே சம்பளம்தான்.

எல்லாவற்றையும் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தை முதலில் நான் ரசிக்கவில்லை. இப்போது சொல்கிறேன், எங்களைப் போன்ற பள்ளிக்கு அது வரம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பிரித்து உட்கார வைத்தால், மூன்று வகுப்பை ஒருத்தி சமாளிக்க வழி பிறக்கிறது. ஒவ்வொருவரின் மதிப்பீட்டையும் செயலியில் ஏற்று என்கிறார்களே, அதுதான் பிடிக்கவில்லை. டவர் கிடைக்காமல் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் என் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலை உணவு பற்றிச் சொல்லவே வேண்டாம். முன்பெல்லாம் திங்கட்கிழமை இறைவணக்கத்தில் யாராவது ஒரு குழந்தை சுருண்டு உட்காரும். 2023 ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கும் திட்டம் வந்த பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. கிச்சடி நாளில் வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியிட்டார்களே, நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு வேண்டாம், இரு மொழி போதும். மூன்றுக்கும் நான் கை தூக்குவேன். தில்லி சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று மாநிலத்துக்கு வரவேண்டிய கல்வி நிதி 2,152 கோடியை நிறுத்திவைத்தார்களே, அதிலும் நான் மாநிலத்தின் பக்கம்தான். எங்கள் பிள்ளைகளின் பணத்தை வைத்து என்ன பேரம்? ஆனால் அதே வாயால் மாநிலத்திடமும் கேட்பேன். பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். 2012ல் பகுதிநேர ஆசிரியராக ஐயாயிரம் ரூபாய்க்குச் சேர்ந்தவர். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. 2024ல்தான் அது 12,500 ஆனது. 2025 வரை மே மாதம் சம்பளம் கிடையாது. அந்த மாதத்தில் அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார்.

இன்னொரு கூத்து கேள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் இரண்டு வருஷத்துக்குள் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டுமாம், இல்லையென்றால் வேலையே இல்லை. நான் சேர்ந்தபோது டெட் என்ற சொல்லே கிடையாது. 46 வயதில் நானும் 42 வயதில் சின்ன டீச்சரும் பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம் குழந்தை உளவியல் படிக்கிறோம். குழந்தையின் அறிவு வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளை அவள் கேட்பாள், நான் மூன்றாவதில் மாட்டிக்கொள்வேன். இதில் மட்டும் எங்களுக்குள் பாகுபாடு இல்லை, இரண்டு பேருக்கும் அதே 150 கேள்விகள்தான்.

உன் மகளை ஆசிரியர் பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு வருகிறேன். நம் காலம் மாதிரி பதிவு மூப்பு வந்து கதவைத் தட்டாது. இரண்டு வருஷம் படித்து, டெட் எழுதி, அதில் தேறிய பிறகு நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். 2012ல் முதல் டெட் நடந்தபோது 6 லட்சத்துக்கும் மேல் எழுதி 2,448 பேர்தான் தேறினார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீயும்தானே எழுதினாய். அப்படியே வேலை கிடைத்தாலும் சின்ன டீச்சர் நின்ற அதே முதல் படியில்தான் அவளும் நிற்பாள். வேண்டாம் என்று எழுத நினைத்துத்தான் இந்தப் பத்தியைத் தொடங்கினேன், கை வரவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? லீவு முடிந்தும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ. உன் மகளை எங்கள் பள்ளிக்கு அழைத்து வா. ஒரு காலைப் பொழுது அரும்பு நிலைப் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு நாம் இருவரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். மத்தியானம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம். சின்ன டீச்சரும் அதற்குள் சென்னையிலிருந்து திரும்பிவிடுவாள்.

உன் பழைய உளவியல் நோட்டு பரணில் இருந்தால் மறக்காமல் எடுத்து வா. அதில் நீ வரைந்து வைத்த படங்கள் இருந்தால்தான் எனக்கு ஏறும்.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழி