பூட்டாத கஸ்கெற்றுக்குக் காசு வாங்கியது பற்றிய முறைப்பாடு

சேவை முகாமையாளர் அவர்கட்கு,
யாழ்ப்பாணக் கிளை.

ஐயா,

என் ஹொண்டா சி 90 மோட்டார் சைக்கிளில் கிளச் கவர் ஓரத்தால் ஒயில் கசிந்தது. கவருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒயில் கசியாமல் வைக்கும் மெல்லிய மட்டையான கஸ்கெற்றை மாற்றித் தரும்படி சென்ற மாதம் 11ஆந் திகதி காலை உங்கள் சேவை நிலையத்தில் விட்டு, பின்னேரம் எடுத்தேன். பற்றுச்சீட்டில் கஸ்கெற் 950 ரூபா, ஒயில் 2,600 ரூபா, கூலி 3,000 ரூபா என்று இருந்தது. 6,550 ரூபாவையும் அப்போதே கட்டினேன். நாலாம் நாள் விடிய, போர்ட்டிகோ நிலத்தில் அதே இடத்தில் ஒயில். முன்பு சொட்டுச் சொட்டாக விழுந்தது இப்போது கோடாக ஓடியிருந்தது.

திரும்பக் கொண்டுவந்தபோது கவுண்டரில் நின்ற தம்பி, "பழைய சைக்கிள்தானே ஐயா, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்றார். கவரைக் கழற்றிப் பார்க்கவுமில்லை. கிளச் பகுதி முழுவதும் ஒயிலில் ஓடும் எஞ்சின் இது. மொத்தமாகப் பிடிப்பதே ஒரு லீற்றருக்கும் குறைவு. கொஞ்சம் ஒழுகினால்கூட அதற்குப் பெரிய இழப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை, கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு என் கண் முன்னால் கழற்றுவித்தேன். உள்ளே கஸ்கெற்றே இல்லை. கவரைச் சுற்றிச் சிவப்புச் சிலிக்கன் பசையை அப்பிப் பூட்டியிருக்கிறார்கள். பழைய கஸ்கெற்றின் துண்டுகள் இரண்டு இடத்தில் அப்படியே ஒட்டியிருந்தன. மற்றதை ஸ்குறூ டிறைவரால் சுரண்டியிருக்கிறார்கள். கவரின், எஞ்சினோடு பொருந்தும் அலுமினிய முகத்தில் நகம் மாட்டும் அளவுக்கு மூன்று கீறல்கள். ஒயில் அந்தக் கீறல்களால்தான் வருகிறது. கவரை நேராக அமர்த்தும் டவல் பின் இரண்டில் ஒன்றைக் காணவில்லை. கீழ்ப்பக்க ஸ்குறூ ஒன்றை அளவுக்கு மிஞ்சி இறுக்கியதில் புரி கழன்று, அது சும்மா சுற்றுகிறது.

இவற்றையெல்லாம்விட என்னைப் பதறவைத்தது வேறு. பிதுங்கி உள்ளே போன சிலிக்கன் துணுக்குகள் அடியிலுள்ள ஒயில் வலையில் ஒட்டிக் கிடந்தன. இந்த எஞ்சினில் கழற்றி எறியும் காகித பில்டர் கிடையாது. ஒயில் பம்ப் இழுப்பதெல்லாம் அந்த வலையூடாகத்தான். அது அடைபட்டால் மேலே ஹெட்டுக்கு ஒயில் ஏறாது, அங்கே வால்வுகளைத் திறக்கும் கேம் தேய்ந்துவிடும். இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் என்ன கதி என்று அந்த மெக்கானிக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இந்தச் சைக்கிள் என் அப்பாவுடையது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், சின்னப் போத்தலால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடியவர். கஸ்கெற் வாங்கக் கிடைக்காதபோது தடித்த மட்டையைக் கவரின் மேல் வைத்து, ஓரத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி வெட்டி எடுப்பார். பூட்டுமுன் இரண்டு முகத்தையும் துடைத்து, விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு பக்கமாக இறுக்காமல் எதிரெதிர் ஸ்குறூக்களை மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குவார். அவர் வெட்டிய மட்டை ஒழுகியதில்லை. சாமான் எல்லாம் கிடைக்கும் இந்த நாளில், காசும் வாங்கிக்கொண்டு, போடாத ஒன்றைப் போட்டதாக உங்கள் நிலையம் எழுதித் தந்திருக்கிறது.

கஸ்கெற் காசும் கூலியுமாக 3,950 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். கீறிய முகத்தைச் சமப்படுத்துங்கள், முடியாவிட்டால் கவரை மாற்றுங்கள். புரி போன துளையைச் சரியாக்கி, டவல் பின்னும் கஸ்கெற்றும் புதிதாகப் போட்டு, வலையையும் கழுவிப் பூட்டுங்கள். கிக்கர் தண்டின் ஒயில் சீலும் அந்தக் கவரில்தான் இருக்கிறது. அதன் விலையை நான் தருகிறேன், ஒரே கழற்றலில் அதையும் மாற்றிவிடலாம். வேலை நடக்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன்.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் எழுத்தில் முறையிடுவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு மூன்று மாத அவகாசம்தான் உண்டு என்பதால், அதற்குமேல் காத்திருக்க முடியாது.

பற்றுச்சீட்டின் பிரதியும், கவர் முகத்தையும் வலையையும் எடுத்த படங்களும் இத்துடன் உள்ளன. வலையில் இருந்த துணுக்குகளை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். சைக்கிள் கவர் கழன்றபடி வீட்டில் நிற்கிறது. ஏற்றிப் போக எப்போது ஆள் அனுப்புவீர்கள் என்று அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோண்டாவில்.