டைரக்டர் சம்பளத்தைத் தனி வரியில் போடுங்கள்: எங்கள் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். நம் தொண்டு அமைப்பில் 14 வருடமாகக் களப்பணியாளராக இருக்கிறேன். போன மாத ஸ்டாஃப் மீட்டிங்கில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். ஆண்டறிக்கையின் கணக்குப் பக்கத்தில் ‘சம்பளம் மற்றும் படிகள்’ என்று ஒரே வரி, ஒரே மொத்தத் தொகை. இதில் டைரக்டர் சாருக்கு எவ்வளவு, மாலை வகுப்பு எடுப்பவர்களுக்கு எவ்வளவு என்று எழுந்து கேட்டேன். “அதெல்லாம் போர்டு விஷயம், உட்காருங்க” என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் போர்டுக்கே எழுதுகிறேன்.

டைரக்டருக்கு நல்ல சம்பளம் கொடுப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ப்ரொபோசல் எழுதி, கலெக்டர் ஆபீசுக்கும் டெல்லிக்கும் அலைந்து நிதி வாங்கி வருவது லேசான வேலையா என்ன? அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. கொடுப்பது நியாயமான தொகை என்றால் அதை வெளியே சொல்ல ஏன் தயங்க வேண்டும்? ஆண்டறிக்கையில் தனி வரியில் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் வட்டாரத்தில் ஒரு அக்கா 9 வருடமாக மாலை மையம் நடத்துகிறார். மதிப்பூதியம் மாதம் 3,500 ரூபாய். அவர் ஊரிலிருந்து மையம் நான்கு கிலோமீட்டர். எட்டு மணிக்கு வகுப்பு முடியும்போது மினி பஸ் போயிருக்கும். இத்தனை நாள் 600 ரூபாய் பயணப்படி வந்ததால் ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் நீங்கள் அதை நிறுத்தினீர்கள். இப்போது செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். போன முறை வவுச்சரில் கையெழுத்து வாங்கப் போனேன். செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “தம்பி, பஸ்காசு வவுச்சர் தனியா வருமா?” என்று கேட்டார். அடுத்த மாதம் பார்க்கலாம் அக்கா என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

பயணப்படியை நிறுத்த நீங்கள் சொன்ன காரணம் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 2020 திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது உண்மைதான். அதனால் பல அமைப்புகள் திணறியதும் தெரியும். ஆனால் எது நிர்வாகச் செலவு என்று அந்தச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. நிர்வாகக் குழு உறுப்பினர்கள் பெறும் சம்பளமும் பயணச் செலவும் அதில் சேரும். நலப்பணிக்கு நேரடியாக ஆகும் செலவு, உதாரணமாக மருத்துவமனை டாக்டர் சம்பளம், பள்ளி ஆசிரியர் சம்பளம், அதில் சேராது. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் அக்காவின் ஆட்டோ காசு எப்படி நிர்வாகச் செலவானது? போர்டில் இருக்கும் டைரக்டர் சாரின் சம்பளம் அந்த 20 சதவீதத்தில் எவ்வளவு எடுக்கிறது? தனி வரியில் போட்டிருந்தால் நான் இதைக் கேட்கவே வேண்டியிருக்காது.

கேட்டால் ‘சேவை மனப்பான்மை’ என்கிறீர்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. சேவை மனப்பான்மை கீழே இருப்பவர்களுக்கு மட்டும்தானா? மதிப்பூதியம் என்று பெயர் வைத்துவிட்டால் பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. அங்கன்வாடி ஊழியர்கள் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், கிராஜுவிட்டி சட்டப்படி அவர்களின் மதிப்பூதியமும் ஊதியம்தான் என்று சொல்லிவிட்டது. அது அவர்களுக்கான தீர்ப்பு என்பது தெரியும். ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் சமூக நீதி பேசுகிற நமக்கு அதைப் படித்தபோது எதுவுமே தோன்றவில்லையா? வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் இதே அக்காவை முன்வரிசையில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறோமே.

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற பெரிய தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் வரித்துறையிடம் படிவம் 990 என்ற அறிக்கையைத் தாக்கல் செய்கின்றன. தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களின் சம்பளம் அதில் பெயரோடு இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிரிட்டனில் 60,000 பவுண்டுக்கு மேல் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பதைப் பெரிய அறக்கட்டளைகள் கணக்கில் காட்டியாக வேண்டும். நாம் நம் ஊர்க்காரர்களுக்கும் களத்தில் நிற்பவர்களுக்கும் இதைச் சொல்ல எந்த அரசாணையும் தேவையில்லை. உங்கள் தீர்மானம் ஒன்று போதும்.

செப்டம்பர் போர்டு கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். டைரக்டரின் சம்பளத்தைத் தனி வரியில் போடுங்கள். அதற்குக் கீழேயே மாலை மைய ஆசிரியரின் மதிப்பூதியத்தையும் போடுங்கள். அதுவரை அந்த 600 ரூபாயை மட்டுமாவது திரும்பக் கொடுங்கள். அடுத்த வவுச்சர் ஐந்தாம் தேதி. மழைக்காலம் தொடங்குவதற்குள் அக்காவிடம் உண்மையான ஒரு பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் களப்பணியாளர்களில் ஒருவன்