எருமை கட்டின ஆக்ஸில்

நம்பியூர்
ஐப்பசி 12

அன்புள்ள குப்புசாமிக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாள் ஆகிறது. மூட்டு ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. பெங்களூரில் மகள் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கம்பு விதைத்திருக்கிறாயாமே! பறவை விரட்ட ஆள் வைத்திருக்கிறாயா, நீயேதான் தகரம் தட்டுகிறாயா? இங்கே வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, நடவு முடிந்தது. சின்னவனுக்குப் பெண் பார்க்கிறோம், எதுவும் அமையவில்லை. இவ்வளவுதான் வீட்டுச் சேதி.

இப்போது ஒரு விசயத்தில் உன் வாய் தேவைப்படுகிறது. எங்கள் பழைய சாளைக்குப் பின்னால், கிளுவை வேலியோரம், ஒரு லாரி ஆக்ஸில், அதான் சக்கரம் மாட்டுகிற அச்சு, பாதி மண்ணுக்குள் கிடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயசில் நாம் இரண்டு பேரும் அதன் மேல் உட்கார்ந்து கொடுக்காப்புளி தின்றிருக்கிறோம். எனக்குத் தெரிந்து நாற்பது வருசமாக அதில் எருமை கட்டுகிறோம். கட்டுத்தரையை இடித்துப் புதுசாகப் போடலாம் என்று அதைத் தோண்டி எடுத்தோம். சேதி எப்படித்தான் போகுமோ, மறுநாளே பழைய இரும்புக்காரர் டெம்போவோடு வந்து நின்றார். ஒரு பக்க ஹப்பை, அதான் சக்கரம் பொருத்துகிற குடத்தை, காலால் உதைத்துப் பார்த்து, "பெட்ஃபோர்டுங்க, முந்நூறு கிலோ தேறும், கிலோ முப்பது" என்றார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் லேலண்டு என்றார். அக்கா பையன் டாட்ஜ் என்றான். ஒரே இரும்புக்கு மூன்று லாரிக் கம்பெனிப் பேர். பேர் தெரியாமல் விற்றால் கிலோக் கணக்குத்தான் என்று எனக்குப் பட்டது. நாலு நாள் பொறுங்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

முதலில் டீசல் ஊற்றி ஊறப் போட்டேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததும் ஹப் முகம் தெரிந்தது. ஆறு போல்ட். இப்போது ரோட்டில் ஓடும் பெரிய வண்டிகளில் பத்துத்தானே பார்க்கிறோம்? ஆறு என்பதால் அளப்பதும் சுலபம், நேரெதிரே போல்ட் இருக்கிறது. நடுவிலிருந்து நடுவுக்கு எட்டேமுக்கால் அங்குலம் சுத்தமாக நின்றது. இடது பக்க நட்டு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அதைக் கழற்றத் தெரியாமல் அக்கா பையன் இறுக்கிக்கொண்டே இருந்தான், பைப் போட்டு ஏறி வேறு நின்றான். நல்ல வேளை, போல்ட் உடையவில்லை. கோபியில் லேத் பட்டறையில் மரை கேஜ் வாங்கிவந்து வைத்துப் பார்த்தேன். அங்குலக் கணக்கு, மரைப் பல்லின் கோணம் 60 டிகிரி. பென்ஸ் வழி வந்த பழைய டாடாவாக இருந்தால் மில்லிமீட்டரில் இருந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் மரையென்றால் பெரும்பாலும் 55 டிகிரி. ஆக, கப்பல் ஏறி வந்தது அமெரிக்காவிலிருந்து என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன்.

ஹப்பைக் கழற்றியதும் ஒரு கூத்து. பேரிங் மேல் 'டிம்கன்' என்று எழுத்து. பையன் உடனே செல்போனைத் தட்டி, "மாமா, இது டிம்கன் ஆக்ஸில், கண்டுபிடிச்சாச்சு" என்று குதித்தான். பேரிங் பேரை வைத்து வண்டியைச் சொல்வது, சட்டைப் பொத்தானை வைத்து ஆளைச் சொல்வது மாதிரி. டிம்கன் பேரிங் போடாத லாரி எது? ஆனால் பாரு, அவன் குருட்டாம்போக்கில் சொன்னது பக்கத்தில் வந்து விழுந்தது. டிம்கன் குடும்பத்து ஆக்ஸில் தொழில் 1909-லேயே பேரிங் கம்பெனியிலிருந்து பிரிந்து டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டது. பேர் மட்டும் ஒன்று, கம்பெனி வேறு.

அடையாளம் கிடைத்தது உடம்பில்தான். பல்சக்கரம் இருக்கிற நடுக்குண்டைப் பார்த்தால் ஒரே வார்ப்பாக இல்லை. தேங்காயை உடைத்து மறுபடி ஒட்டவைத்த மாதிரி இரண்டு மூடி, சுற்றிலும் போல்ட். ஸ்பிரிங் பட்டையை வைத்து யூ-போல்ட் போட்டு இறுக்கும் சம இடம் ஹவுசிங்கில், அதான் வெளி ஓட்டில், இல்லவே இல்லை. அதற்குப் பதில் பட்டையின் நுனி வந்து உட்கார்கிற கூடு மாதிரி ஒன்று, தண்டு மாட்டுகிற காது ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பின்னால் இரண்டு ஆக்ஸில் உள்ள வண்டி, பட்டை நடுவில் சட்டத்தில் தொங்கும், நுனி இரண்டும் ஆளுக்கொரு ஆக்ஸில் மேல் ஏறும். பிரேக்கும் காற்றில்லை, ஆயில் பைப்தான் வந்திருக்கிறது.

கடைசியாக ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் பக்கத் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற கணக்கு. கல் அடுக்கித் தூக்கிவைத்து, ஒரு ஹப்பை அசையாமல் கட்டிவிட்டு, மற்றதை இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னேன். முன்னால் அந்தத் தண்டு மாட்டுகிற பினியன் பிளேஞ்சில் சுண்ணாம்புப் புள்ளி வைத்து எண்ணினேன். ஒரு பக்கம் நின்றால், இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்சியல் பாதிதான் திரும்பும், அதனால்தான் இரண்டு சுற்று. நீதானே சங்ககிரிப் பட்டறையில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாய்! ஆறு சுற்றுப் போய், அரையைத் தாண்டி இன்னும் கொஞ்சம். மூன்று தரம் எண்ணினேன், மூன்று தரமும் அதே இடம். 6.6.

சரி, இனி நீயே சொல்லிவிடுவாய். இரண்டாம் உலக யுத்த காலத்து அமெரிக்க ஜிஎம்சி, இரண்டரை டன், பத்துச் சக்கர மிலிட்டரி லாரி. 1941-லிருந்து 45-க்குள் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். அதில் இரண்டு வகை ஆக்ஸில் வந்தது, இந்தப் பிளந்த குண்டு டிம்கன்-டெட்ராய்ட் தினுசு. ஸ்டூடிபேக்கர் லாரியிலும் இதே ஜாடை உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ரஷ்யாவுக்குப் போய்விட்டது. அசாமிலிருந்து பர்மாவுக்கு லெடோ ரோடு போட்டபோது ஜிஎம்சி இங்கே நிறைய வந்திறங்கியது. யுத்தம் முடிந்ததும் மிஞ்சிய வண்டிகளை டிஸ்போசலில் ஏலம் விட்டார்கள். அப்பாரு, அதான் எங்கள் தாத்தா, ஒரு டிஸ்போசல் லாரி வைத்திருந்தார், பவானிசாகர் அணைக்குக் கல் ஓட்டினார் என்று அய்யன் சொல்வார். அணை வேலை 1948-இல் தொடங்கி 55-இல் முடிந்தது, காலம் ஒத்துப்போகிறது. இத்தனை வருசம் அதைக் கதை என்றே நினைத்திருந்தேன்.

விலைக்கு வருகிறேன். பங்காளி டிராக்டர் டிரெய்லருக்குக் கேட்டான். ஆறு போல்ட்டுக்கு ரிம் எங்கே போய்த் தேடுவாய் என்றேன், அதோடு போய்விட்டான். டயர் வண்டிக்கும் அதே தொல்லை. அப்புறம் கோயமுத்தூர்ப் பக்கம் பழைய மிலிட்டரி வண்டி சேர்க்கிற ஒருவருக்கு அக்கா பையன் போட்டோ அனுப்பினான். அவரிடம் இதே லாரி ஒன்று ஆக்ஸில் இல்லாமல் நிற்கிறதாம். உள்ளே கிரௌன் பினியன் பல்சக்கரங்கள் நன்றாக இருந்தால் இருபத்திரண்டாயிரம், பல் போயிருந்தால் இரும்பு விலையும் வண்டி வாடகையும் என்றார். நியாயமான பேச்சு. இந்த மாதிரிச் சாமானுக்கு ஊரில் ஒரே ஆள்தான் கிராக்கி, அவரும் வேண்டாம் என்றால் மறுபடி கிலோ முப்பதுதான். அதனால் பேரத்தில் நான் விறைப்பாக நிற்கவில்லை.

பிளந்த குண்டாக இருப்பதில் ஒரு கஷ்டம், பின்னால் மூடியைக் கழற்றி எட்டிப் பார்க்க முடியாது. ஆயில் ஊற்றுகிற ஓட்டையில் டார்ச் அடித்து, பிளேஞ்சை மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். உள்ளே பழைய ஆயில் கருப்பட்டிப் பாகு மாதிரி உறைந்து கிடந்தது. அதில் முங்கியிருந்த பல்லெல்லாம் நேற்றுச் செய்தது போல மினுக்குகிறது. மேலே காற்றில் நின்ற பக்கம் பத்துப் பன்னிரண்டு பல் துரு. விரல் விட்டுத் தடவினால் அதில் ஐந்தில் குழி தட்டுகிறது, மற்றது மேல் துருதான். பல் முனை எதுவும் உடையவில்லை. ஐந்து குழியையும் போட்டோ எடுத்து மறைக்காமல் அனுப்பினேன். பதினெட்டாயிரம் என்றார், கேஸ் கட்டிங் போடாமல் முழுசாக ஏற்றிக்கொள்வதென்று பேச்சு. ஒத்துக்கொண்டேன். குறைத்து விட்டுவிட்டேனா? உன்னிடம் கேட்க வந்தது இதைத்தான். போன் பண்ணினால் நீ திட்டுவாய், அதனால் கடிதம்.

இன்னொன்று. உன் அய்யன்தானே அப்பாருவிடம் கொஞ்ச நாள் லாரி ஓட்டினார்? சங்ககிரி வீட்டில் அவர் தகரப் பெட்டி இருந்தால், அதில் ஆர்.சி. புத்தகமோ டிரிப் ஷீட்டோ கிடைக்குமா என்று உன் தம்பியைப் பார்க்கச் சொல். அந்தக் கோயமுத்தூர்க்காரர் காகிதம் இருந்தால் கூட ஒரு இரண்டாயிரம் தருவதாகச் சொல்கிறார். எனக்கு அந்த வண்டியின் நம்பர் தெரிந்தால் போதும்.

வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனி ஏற்ற வருகிறார்கள். எருமை இரண்டு நாளாக வேப்பமரத்தில் நிற்கிறது, சாயங்காலமானால் கயிற்றை இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போகிறது. ஒரு கருங்கல் நட வேண்டும்.

இப்படிக்கு,
ஆறுமுகம்