எழுநூறு பக்கக் கோப்பும் திரைவாசிப்பானின் தாமதமும்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை கேட்டேன். தொகுப்பு நூலின் பணி எழுநூறு பக்கங்களைத் தாண்டிவிட்டது என்ற செய்தி பெரும் மகிழ்ச்சி அளித்தது. ஆனால் வேர்ட் எழுதுசெயலியில் கீழ் அம்புக்குறியை அழுத்திவிட்டு, திரையில் உள்ளதைக் குரலாக்கும் திரைவாசிப்பானில் அடுத்த வரி ஒலிப்பதற்கு மூன்று, நான்கு நொடிகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்ற இடத்தில் மனம் கனத்தது. சென்ற ஆண்டு ஒரு பெரிய நூலுக்கு மெய்ப்புப் பார்த்தபோது நானும் இதே நிலையில் பல வாரங்கள் தவித்தேன். இந்தத் தாமதம் பார்வையற்ற நமக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்வையுள்ளவர்களுக்கு விளக்குவது கடினம். அவர்கள் கண்முன் பக்கம் எப்போதும் விரிந்தே இருக்கிறது. நமக்கோ, ஒலிக்காத வரி இல்லாத வரிதான். விசை அழுந்தியதா என்ற ஐயத்தில் மீண்டும் அழுத்துகிறோம், இரண்டு வரிகள் நகர்ந்துவிடுகின்றன, திருத்த வேண்டிய சொல்லை விட்டுவிட்டு நல்ல சொல் ஒன்றை அழித்துவிடுகிறோம். பிழையில்லாமல் எழுதுவதே இந்த வேகத்தைச் சார்ந்திருக்கிறது என்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதத் துணிகிறேன்.

புதிய கணினி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சற்றுப் பொறுங்கள். திரைவாசிப்பான் வேர்டிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் நமக்குப் படித்துக் காட்டுகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நீங்கள் ஒருமுறை அம்புக்குறியை அழுத்தியதும், இந்த வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இது தலைப்பா, தலைப்பானால் எத்தனையாவது நிலை, அட்டவணைக்குள் இருக்கிறோமா, கருத்துரை ஏதேனும் இணைந்திருக்கிறதா, எழுத்துப்பிழை குறிக்கப்பட்டிருக்கிறதா, பக்கம் மாறிவிட்டதா என்று வரிசையாகக் கேள்விகள் எழுகின்றன. திரைவாசிப்பானும் வேர்டும் தனித்தனியே இயங்கும் இரண்டு செயலிகள். ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று நேரடியாகத் தொட முடியாது. ஆகவே கேள்வியும் பதிலும் இடையிலுள்ள எல்லையைக் கடந்து சென்று வர வேண்டும். ஒரு கேள்விக்கு ஆகும் நேரம் மிகச் சிறியதே. ஆனால் ஒரே வரியில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து, மேற்கோள் எண் என்று வடிவம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் கேள்விகள் திரும்பக் கேட்கப்படுவதால் அவை பெருகிவிடுகின்றன. அது மட்டுமன்று. வரி எங்கே முடிகிறது என்ற எளிய கேள்விக்குப் பதில் சொல்லவே வேர்ட் பக்கத்தை வடிவமைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தப் பதில்களையெல்லாம் வேர்ட் தன் முதன்மை இழையிலேயே, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில், பெரும்பாலும் தயாரிப்பதால், பல கருக்கள் (கோர்கள்) கொண்ட புதிய பிராசஸரை வாங்கினாலும் அவற்றுள் பெரும்பாலானவை இந்த வேலைக்கு உதவாமல் சும்மா இருக்கும்.

இதிலிருந்து நான் கண்டடைந்தது ஒன்றுதான். திரைவாசிப்பான் கேட்கும் கேள்விகளைக் குறைக்க வேண்டும். வேர்ட் எளிதாகப் பதில் சொல்லும்படி கோப்பின் சுமையையும் குறைக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்றையுமே தொடாத தீர்வு எதுவும் எனக்குப் பயன்படவில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். புதிய வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்து, உங்கள் கோப்பிலிருந்து ஒரு பத்தியை மட்டும் அதில் ஒட்டி, அம்புக்குறியால் நகருங்கள். அங்கும் தாமதம் இருந்தால் குற்றம் பெரிய கோப்பின் மீது இல்லை. உரையைக் குரலாக்கும் எந்திரமோ, வேர்டுடன் இணைந்து இயங்கும் கூடுதல் நிரல்களோ காரணமாக இருக்கலாம். இயற்கையான ஒலிநயம் கொண்ட குரல்கள் சில பேசத் தொடங்கவே நேரம் எடுத்துக்கொள்ளும். ஈஸ்பீக் குரல் செவிக்கு இனிமை தராவிட்டாலும் விசைக்கு உடனே பதில் தருவது என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அதைப் போட்டுக் கேளுங்கள். கூடுதல் நிரல்களைச் சோதிக்க, கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே வேர்டைத் திறந்து அவை இல்லாத பாதுகாப்பு முறையில் இயக்கினால் போதும். சிறு ஆவணத்தில் எல்லாம் சரியாக இருந்தால், கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, அதை வலைப்பின்னலிலோ மேகக் கிடங்கிலோ வைக்காமல் கணினியின் சொந்த வட்டில் வைத்து, பின்பாதியை நீக்கிவிட்டுப் பாருங்கள். வேகம் திரும்பினால் சிக்கல் நீக்கிய பாதியில் இருக்கிறது. இப்படிப் பாதிபாதியாகக் குறைத்துச் சென்றபோது, எனக்கு வந்த நூலில் நாற்பது பக்கங்களுக்கு உடையாமல் நீண்ட ஒற்றை அட்டவணை ஒன்று அகப்பட்டது. அதை அத்தியாயவாரியாகப் பிரித்து, உள்ளடக்கத்துக்கேற்ப நெடுவரிசையின் அகலம் தானாக மாறும் அமைப்பையும் நிறுத்திய அன்றே பாதிச் சுமை இறங்கியது.

இனி கேள்விகளைக் குறைக்கும் வழிக்கு வருகிறேன். நீங்கள் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துவதால் அதைக் கொண்டே சொல்கிறேன். மற்றொரு திரைவாசிப்பானான ஜாஸிலும் இவற்றுக்கு இணையான அமைப்புகள் உண்டு. என்.வி.டி.ஏ. விசையுடன் (வழக்கமாக இன்சர்ட்) கண்ட்ரோலையும் டி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஆவண வடிவமைப்புக்கான அமைப்புகள் திறக்கும். எழுத்துருவின் பெயர், அளவு, நிறம், வரி இடைவெளி, திருத்தங்கள், எழுத்துப்பிழைகள், பக்க எண்கள் என்று அங்கே தேர்ந்தெடுத்திருக்கும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி. எழுத்துச் சுட்டிக்கு (கர்சர்) பின்னால் வரும் வடிவமாற்றங்களையும் அறிவிக்கும் தேர்வு ஒன்று அதே பட்டியலில் இருக்கிறது. தாமதம் ஏற்படலாம் என்று அதன் பெயரிலேயே எச்சரித்திருக்கிறார்கள். அது தேர்வாகியிருந்தால் முதலில் அதை நீக்குங்கள். தலைப்புகளையும் அட்டவணைகளையும் மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நீக்கினால் எழுதும்போது எதையும் இழக்க மாட்டீர்கள். ஒரு சொல்லின் வடிவத்தை அறிய விரும்பும் கணத்தில் என்.வி.டி.ஏ. விசையுடன் எஃப் எழுத்தை அழுத்திக் கேட்டுக்கொள்ளலாம். வேண்டும்போது கேட்பதற்கும், வேண்டாதபோதும் இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிய கோப்பில்தான் முழுமையாகத் தெரிகிறது.

இந்த மாற்றங்கள் மற்ற செயலிகளையும் பாதிக்குமே என்று தயங்க வேண்டாம். என்.வி.டி.ஏ. விசை, கண்ட்ரோல், பி ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் வரும் உரையாடலில் வேர்டுக்கென்றே தனியான அமைவடிவம் ஒன்றை உருவாக்கலாம். வேர்டுக்கு வரும்போது அது தானாக நடைமுறைக்கு வரும், வெளியேறும்போது விலகிவிடும். தொடர்ந்து வாசிப்பதற்கென்றும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். நான் மெய்ப்புப் பார்ப்பதற்கென எழுத்துப்பிழை அறிவிப்பை மட்டும் சேர்த்து மூன்றாவது ஒன்றை வைத்திருக்கிறேன். அதைக் கையால் மாற்றிக்கொள்கிறேன்.

வேர்டுடன் பேசுவதற்குத் திரைவாசிப்பானுக்கு இரண்டு தடங்கள் இருக்கின்றன: வேர்டின் பழைய பொருள் மாதிரி (ஆப்ஜெக்ட் மாடல்) ஒன்று, திரையில் உள்ளவற்றை உதவிக் கருவிகளுக்குத் தெரிவிக்கும் விண்டோஸின் யு.ஐ. ஆட்டோமேஷன் மற்றொன்று. என்.வி.டி.ஏ. தன் இயல்பான அமைப்பில் வேர்டின் 16.0.15000 பதிப்பிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் இரண்டாவது தடத்தை எடுத்துக்கொள்கிறது. மேம்பட்ட அமைப்புகள் என்ற பகுதியில் இதை மாற்றலாம். எது வேகமானது என்பது கோப்புக்குக் கோப்பு மாறக்கூடும் என்பதே என் அனுபவம். ஆகவே உங்கள் கோப்பிலேயே இரண்டையும் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் என்.வி.டி.ஏ.வையும் வேர்டையும் மூடித் திறந்த பிறகே ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் முந்தைய நிலையையே சோதித்துக்கொண்டிருப்போம்.

வேர்டின் பக்கம் செய்ய வேண்டியவற்றில் வரைவுக் காட்சிக்கு மாறுவதை நான் முதலாவதாக வைப்பேன். ஆல்ட், கண்ட்ரோல், என் ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் போதும். அச்சுக் காட்சியில் தலைப்பகுதி, அடிப்பகுதி, படங்களின் இருப்பிடம் எல்லாவற்றையும் கணக்கிட்டபடியே இருக்க வேண்டிய வேர்ட், வரைவுக் காட்சியில் அந்தப் பொறுப்புகள் பலவற்றிலிருந்து விடுபடுகிறது. பின்னணியில் பக்கம் பிரிப்பதை நிறுத்தும் தேர்வும் இந்தக் காட்சியில்தான் நமக்குக் கிடைக்கும்; மேம்பட்ட விருப்பங்களில் பொதுப் பிரிவில் அது இருக்கிறது. நிறுத்திவிட்டால் அறிவிக்கப்படும் பக்க எண்களை நம்ப முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தட்டச்சு செய்யும்போதே எழுத்துப்பிழையும் இலக்கணமும் சரிபார்ப்பதையும் நிறுத்திவிடுங்கள். உங்கள் தொகுப்பில் பெயர்களும் பழஞ்சொற்களும் மிகுதி. அவற்றையெல்லாம் பிழையென்று வேர்ட் குறித்து வைக்க, திரைவாசிப்பான் அதையும் ஒவ்வொன்றாக அறிவிக்க, இருவருமே வீணாக உழைக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கோப்பில் உண்மையான சுமை பதிவான திருத்தங்கள்தாம் என்று ஐயப்படுகிறேன். மூவர் மாறி மாறித் திருத்தியதாக எழுதியிருந்தீர்கள். அழித்த சொற்கள் எங்கும் போய்விடவில்லை. யார் அழித்தார், எப்போது அழித்தார் என்ற குறிப்புகளோடு கோப்புக்குள்ளேயே இருக்கின்றன, வரிகளைத் துண்டு துண்டாக வெட்டியபடி. எனக்கு வந்த நூலிலும் இதுவே நேர்ந்தது. ஒரு வரியில் பதினொரு திருத்தங்கள் வரை இருந்தன. அந்த வரியைக் கடக்கும்போதெல்லாம் கணினி உறைந்துவிட்டதோ என்று அஞ்சுவேன். அசல் கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு, முடிவு செய்துவிட்ட அத்தியாயங்களின் திருத்தங்களை நகலில் முழுவதுமாக ஏற்றுக்கொள்ளுங்கள். முடிந்துபோன கருத்துரைகளையும் நீக்குங்கள். உடன் திருத்துபவர்கள் வருந்தக்கூடும் என்றால், வரலாறு அசலில் அப்படியே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஸ்கேன் செய்து எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) வழியாக எடுத்த பகுதிகளும் உங்களிடம் இருக்கும். அவை உரைப்பெட்டிகளோடும் தேவையற்ற பிரிவு முறிவுகளோடும் வந்து சேர்பவை. அவற்றை வெறும் உரையாக மட்டும் புதிதாக ஒட்டி, தலைப்புகளுக்கு மட்டும் தலைப்பு நடையைத் திரும்பக் கொடுப்பது அலுப்பான வேலைதான். ஆயினும் அதற்குச் செலவிடும் ஒரு நாள் பல வாரங்களைத் திருப்பித் தரும். கோப்பு சிதைந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால், கடைசிப் பத்திக்குறியை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் புதிய ஆவணத்துக்கு நகலெடுங்கள். ஆவணத்தின் இறுதிப் பிரிவைப் பற்றிய தகவல்கள் அந்தக் குறியில் தங்கியிருப்பதால் இப்படிச் செய்வது வழக்கம்.

நகர்வதற்கு, ஒற்றை எழுத்து விசைகளால் தாவிச் செல்ல உதவும் உலாவு முறையில் எச் விசையை அழுத்தித் தலைப்புகளைத் தாண்டுவதாகவும், அதற்கே பத்து நொடிகள் ஆவதாகவும் சொன்னீர்கள். அடுத்த தலைப்பு வெகு தொலைவில் இருந்தால் தேடுவதற்கு நேரம் ஆகத்தான் செய்யும். அந்த வேலையை வேர்டிடமே விட்டுவிடுங்கள். ஆல்ட், கண்ட்ரோல், ஓ அழுத்தி வெளிக்கோட்டுக் காட்சிக்குச் சென்று, ஆல்ட், ஷிஃப்ட், ஒன்று அழுத்தினால் முதல்நிலைத் தலைப்புகள் மட்டுமே எஞ்சும். எழுநூறு பக்கங்கள் முப்பது வரிகளாகச் சுருங்கிவிடும். வேண்டிய அத்தியாயத்தில் நின்றுகொண்டு வரைவுக் காட்சிக்குத் திரும்பினால் அதே இடத்தில் இருப்பீர்கள். நேற்று விட்ட இடத்துக்குச் செல்ல, கோப்பைத் திறந்தவுடன் ஷிஃப்டுடன் எஃப் ஐந்தை அழுத்துங்கள். இவ்விரண்டும் எனக்கு மிகவும் காலம் தாழ்த்தித் தெரியவந்தன என்பதில் இன்றும் வருத்தம் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் தாமதம் நீடித்தால் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்துவிடுவதே நல்லது. பல கோப்புகளை ஒன்றாக இணைத்துக் காட்டும் வேர்டின் முதன்மை ஆவணம் என்ற வசதியை நம்பிப் பிரிக்க வேண்டாம். அது கோப்புகளைச் சிதைத்துவிடும் என்ற புகார் நெடுங்காலமாகவே இருந்துவருகிறது. தனித்தனிக் கோப்புகளாக வைத்து, எல்லாம் முடிந்தபின் ஒன்றாக்குங்கள். முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துப் பார்க்க விரும்பும் நாளில் மட்டும், நகலை வலைப்பக்க வடிவில் சேமித்து உலாவியில் திறந்து கேளுங்கள். திரைவாசிப்பான் அந்தப் பக்கத்தை ஒருமுறை தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டபின் வரிக்கு வரி யாரையும் கேட்க வேண்டியதில்லை. திறப்பதற்குச் சற்று நேரம் ஆகும். பிறகு ஓட்டம் தடைபடுவதில்லை.

முதலில் அந்த ஒரு பத்திச் சோதனையைச் செய்துவிட்டு என்ன கேட்டது என்று எழுதுங்கள். திருத்தங்கள் மிகுந்த அத்தியாயம் ஒன்றின் நகலையும் இணைத்து அனுப்பினால், என் கணினியில் இரண்டு தடங்களிலும் ஓட்டிப் பார்த்து, எங்கே நிற்கிறது என்று வரி எண்ணோடு சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்