அவள் சொன்னதையே எழுதுங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் அக்கா கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவள். அவள் மகள் உங்களில் ஒருவரிடம்தான் ஒன்பதாம் வகுப்பு படித்தாள்.

மாசி வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தாள். துணி துவைக்கும்போதுகூடக் கையை மடித்துவிட மாட்டாள். சட்டைக் கை விலகாமலிருக்க மணிக்கட்டுப் பக்கம் துணியில் ஊக்கு குத்தியிருப்பாள். வீட்டில் இருந்த எங்களுக்குப் புரியவில்லை. அவளுடைய டீச்சருக்குப் புரிந்தது. அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

டீச்சர் கேட்டபோது அவள் சொன்னது, "கையைக் கீறிக்கிட்டேனுங்க." அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளி மாவட்டத்துக்காரர், நம் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. கூடப் போன ஆசிரியர் மலையாளத்தில் எடுத்துச் சொன்னார்: "ஆத்மஹத்யா ஸ்ரமம்." மலையாளத்தில் ஸ்ரமம் என்றால் முயற்சி. என் அக்கா காதில் விழுந்ததோ நம்முடைய சிரமம். "ஆமாங்க டாக்டர், ரொம்பச் சிரமந்தானுங்க" என்று தலையாட்டினாள். சீட்டில் ஏறிய அந்தச் சொல் அப்புறம் பள்ளிப் பதிவேட்டில் "தற்கொலை முயற்சி" என்று இறங்கியது. ஒரு வாரத்தில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் அவளோடு உட்காரப் பயந்தார்கள்.

ஒரு ராத்திரி திண்ணையில் வைத்து நான் நேராகவே கேட்டேன்: "சாகணும்னு நெனச்சியா அம்மிணி?"

"இல்லைங்க சின்னம்மா. உள்ள என்னமோ அழுத்திக்கிட்டே இருந்துச்சு. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலை."

தன், கொலை இரண்டும் சேர்ந்தால் தற்கொலை. சாக நினைக்காத பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் கொலையை எழுதிவிட்டோம். மனநல மருத்துவம் இதைத் தனியாகப் பார்க்கிறது. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேடு, சாகும் எண்ணமில்லாமல் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை மேலும் ஆராய வேண்டிய தனி நிலையாகக் குறித்தது. நம்மிடம் அதற்கு இன்னும் ஊன்றி நிற்கிற சொல் இல்லை. சிலர் சுயதீங்கு என்கிறார்கள். எனக்குத் "தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள்" என்பதே போதும். நீளம்தான், ஆனால் நடந்தது அதுதான்.

ஆசிரியர் அறையில் இன்னொரு சொல்லும் புழங்குகிறது: "சீன் போடுறா." தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். இன்று சாக நினைக்காமல் காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட அதிகம். அதனால் ஊகிக்க வேண்டாம், கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். அப்படி ஆவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

"போலீஸ் கேஸ் ஆயிடும்" என்ற பயத்தை எங்கள் வீட்டில் ஒருவர் போட்டுவிட்டுப் போனார். அக்கா மூன்று நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின் பிடியை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே தளர்த்திவிட்டது. கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அரசு அவருக்குப் பராமரிப்பு தர வேண்டும் என்கிறது அதன் 115-ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309 இல்லவே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் இதை ஒருமுறை தமிழில் சொல்லுங்கள். கூடவே மனசு கனக்கும்போது கூப்பிட இரண்டு உதவி எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள்: மத்திய அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, கேரள அரசின் உதவி எண் திஷா 1056.

அப்புறம், அந்தப் பதிவேடு. அந்த வரியை அடித்துவிட்டு, அவள் தன் வாயால் சொன்னதை எழுதித் தாருங்கள். மொழிபெயர்க்கும்போதும் அதையே சொல்லுங்கள். ஜூனில் அவள் பத்தாம் வகுப்புக்கு உங்களிடம்தான் வருகிறாள்.

அன்புடன்,
அவளுடைய சின்னம்மா