மருமகளிடம் சொல்லிவிடு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகனுக்கு,

செவ்வாய்க்கிழமை நீ அழைத்தபோது இங்கே உச்சி வெயில். நான் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன். அங்கே கனடாவில் அப்போது இரவு இரண்டு மணி என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் நிறுவனத்தில் இரண்டு பிரிவுகளில் ஆட்குறைப்பு முடிந்துவிட்டது, அடுத்தது உன் பிரிவாக இருக்கலாம், 2021இல் மிகக் குறைந்த வட்டிக்கு எடுத்த வீட்டுக்கடனின் ஐந்தாண்டு வட்டி ஒப்பந்தமும் இந்த ஆண்டுதான் முடிகிறது, புதிய தவணையை நினைத்தால் நித்திரை வருவதில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாய். அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அம்மா, இவளுக்கு இதொன்றும் தெரியாது, நீங்களும் வாய்விட்டுவிடாதீர்கள்" என்றாயே, அந்த இடத்தில்தான் என் மனம் கலங்கியது. அப்போது உனக்கு மறுமொழி சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு படமெடுத்து வாட்ஸ்அப்பில் உன் எண்ணுக்கு மட்டும் அனுப்புவேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இங்கே பொருளாதார நெருக்கடி வந்த 2022ஆம் ஆண்டு முழுவதும் நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "சாமான்கள் கிடைக்கின்றனவா?" என்று கேட்பாய், நான் "எல்லாம் கிடைக்கிறது, செய்திக்காரர் கூட்டிச் சொல்கிறார்கள்" என்பேன். மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. அமெரிக்க டொலர் சில கிழமைகளுக்குள் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரின் விலையை 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாயாக ஏற்றினார்கள். அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் சிலிண்டர் வரவில்லை. ஆட்கள் வெற்றுச் சிலிண்டர்களை வீதியோரம் வரிசையாக வைத்து, ஒன்றோடொன்று சங்கிலியால் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்வருவார்கள். நம்முடையது மாறிப்போகாதிருக்க, மருமகள் இங்கே வந்திருந்தபோது மறந்துவிட்டுப் போன சிவப்பு நகப்பூச்சால் அதில் அப்பாவின் முதலெழுத்தை எழுதினேன். அந்தச் சிலிண்டர் ஒன்பது நாள் வெயிலில் நின்றது; எழுத்து வெளிறியதே தவிர, எரிவாயு வரவில்லை. பிறகு கொல்லையில் மூன்று கல் வைத்து, தென்னம்பாளையும் பன்னாடையும் ஊமலும் எரித்துச் சமைத்தேன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி அறுபத்தைந்தாவது வயதில் ஊதுகுழலோடு குந்தியிருந்த கோலத்தை நீ பார்த்திருந்தால் அழுதிருப்பாய். அதனால்தான் காணொளியில் பேசும்போது தொலைபேசியைச் சாமிப்படத் தட்டுக்கு எதிரே வைத்தேன். சுவரில் படிந்த கரி உனக்குத் தெரியக்கூடாது. "ஏன் இருமுகிறீர்கள்?" என்று கேட்டாய், "தடிமன்" என்றேன்.

(பெற்றோலுக்காக ஆட்கள் நாட்கணக்கில் வாகனத்துக்குள் படுத்துக்கிடந்த அதே ஊரில்தான் ஆங்கிலேயர் கட்டிவிட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளும் சீனக்குடாவில் நிற்கின்றன; பெரும்பாலானவை பற்றை மூடிப்போய் வெறுமையாக. மே 10ஆம் திகதி, முதல்நாள் பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச நம்முடைய கடற்படைத் தளத்துக்கே வந்து தங்கியபோது, வாசலில் திரண்ட சனத்தின் சத்தத்தைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பேச்சு. இவற்றையும் உனக்கு நான் சொல்லவில்லை.)

உன்னைக் கவலைப்படுத்தாமல் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பொய்க்கு நான் கொடுத்த விலை இப்படி. மார்ச் நடுவில், வங்கிகள் வைப்புப் பணத்தை முடக்கப்போகின்றன என்று சந்தையில் ஒரு கதை பரவியது. எனக்குக் கை நடுங்கியது. முதிர்வதற்கு ஐந்து மாதம் இருந்த நாலு இலட்சம் ரூபாய் நிலையான வைப்பை உடைத்து, வட்டியில் பெரும்பகுதியை இழந்து, மூன்று மூட்டை நாட்டரிசியும் கண்ணில்பட்ட பால்மாப் பெட்டிகளும் வாங்கி அறையை நிறைத்தேன். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரேயடியாக ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதன்பின் வந்த மாதங்களில் ஓராண்டு வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் தருவதாக வங்கிகள் வாசலில் எழுதிப்போட்டன. என்னிடம் வைப்பதற்கு ஒன்றும் இல்லை. அரிசியிலோ மூன்றாவது மாதம் வண்டு விழுந்தது. பாதியைப் புடைத்துக் கழுவிச் சமைத்தேன், மீதியைக் கோழி வளர்க்கும் ஒருவர் கொண்டுபோனார். நீ பணம், வட்டி என்று நாள்தோறும் கணக்கோடு புழங்குகிறவன். உன்னிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் "பொறுங்கள் அம்மா" என்றிருப்பாய். கேட்கவில்லை, ஏனென்றால் கேட்டால் என் பொய் உடைந்துவிடும். மறைப்பவளுக்கு யோசனை சொல்ல ஒருவரும் இல்லாமற் போகிறார்கள். பிறகு பயம்தான் உட்கார்ந்து முடிவெடுக்கிறது. தட்டுப்பாட்டால் எனக்கு நேர்ந்த நட்டத்தைவிட, அந்த ஒரு பகலில் தனியாக எடுத்த முடிவால் நேர்ந்த நட்டம் பெரிது.

இதே கதை நம் வீட்டில் முன்பும் நடந்திருக்கிறது. உன் தாத்தா ஆங்கிலேயக் கடற்படையின் தொழிற்தளத்தில் பொருத்துநராக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். நான் பிறந்த 1957இல், ஒக்ரோபர் மாதம், ஆங்கிலேயர் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தளத்தை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அது அடி. வேலை போகப்போவது தாத்தாவுக்கு மூன்று மாதம் முன்னமே தெரிந்திருந்தது. அம்மம்மாவிடம் வாயே திறக்கவில்லை. அந்த மூன்று மாதத்துக்குள் அம்மம்மா, கைக்குழந்தையாகிய என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், தவணைக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கிவிட்டார். இயந்திரம் வீட்டு வாசலில் வந்து இறங்கிய அன்றுதான் தாத்தா உண்மையைச் சொன்னாராம். ஒரு கிழமை இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. இங்கே நான் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அடுத்த ஐந்து வருடம் எங்களுக்குச் சோறு போட்டது அந்த இயந்திரம்தான். "முன்னமே சொல்லியிருந்தால் நான் இதை வாங்கியிருக்கமாட்டேன், அவர் சொல்லாததும் நல்லதுக்குத்தான்" என்று அம்மம்மா கடைசிவரை சிரிப்பார். ஆனால் அந்த ஒரு கிழமையைப் பற்றி அவர் ஒருநாளும் சிரித்துப் பேசியதில்லை.

ஏன் இந்தப் பழங்கதை என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் என்னோடு முக்கால் மணிநேரம் பேசினாள். கோடையில் குசினியை முற்றாக மாற்றப்போகிறாளாம். தட்டுகளுக்கு எந்த மரம், எந்த நிறம் என்றுகூடத் தெரிவுசெய்துவிட்டாளாம். முற்பணம் எப்போது கட்டலாம் என்று உன்னிடம் கேட்டால் நீ "பார்ப்போம்" என்கிறாயாம். நீ "பார்ப்போம்" என்பதன் பொருள் அவளுக்குத் தெரியாது. இப்போது எனக்குத் தெரியும். அவள் முற்பணம் கட்டிய பிறகு உனக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தால், அவள் கோபப்படப்போவது நிறுவனத்தின் மேல் அல்ல.

உன் பயத்தை நான் சின்னதாக்கவில்லை. வேலை போகலாம், உன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நீ சொன்னவற்றை அன்று பின்னேரம் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன், ஆசிரியைப் புத்தி போகாது. ஆட்குறைப்பு, தவணை, பிள்ளையின் செலவு, எனக்கு அனுப்பும் பணம், உலகப் பொருளாதாரம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நெஞ்சில் வைத்திருக்கிறாய். பிரித்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு. நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்: கனடாவின் மத்திய வங்கி 2022இல் 0.25 வீதமாக இருந்த தன் வட்டியை 2023 யூலையில் 5 வீதம் வரை ஏற்றிப் பிறகு இறக்கியது. அந்த உச்சத்தில் ஒப்பந்தம் புதுப்பித்தவர்களைவிட உன் நிலை மேல். எவ்வளவு கூடும் என்று இரவில் ஊகிப்பதைவிட, முடிவுத் திகதிக்கு முன்பே வங்கியிடம் போய்ச் சரியான தொகையைக் கேள். கடன் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்க வழி உண்டா என்றும் கேள். உங்கள் நாட்டில் வேலை இழந்தவருக்கு வேலைக் காப்புறுதி இருக்கிறது: பொதுவாக வருமானத்தின் 55 வீதம், ஓர் உச்சவரம்புக்குள், 14 முதல் 45 கிழமை வரை. நீ சம்பளத்திலிருந்து இத்தனை வருடம் கட்டிய பணம் அது; வாங்குவதில் வெட்கமில்லை. மருமகள் மருந்தகத்தில் கிழமைக்கு மூன்று நாள்தான் போகிறாள். ஐந்து நாள் போகத் தயாரா என்று அவளிடம் கேட்காமலே, அவள் போகமாட்டாள் என்று நீயே எப்படிக் கணக்கில் எழுதினாய்? விடை தெரியாத இடத்தில் சைபர் போட்டுவிட்டுப் பிறகு மொத்தம் குறைகிறது என்று அழுகிற மாணவர்களை நான் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் கணக்கில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9. அடுத்த ஆண்டு அதே மாதம் 1.3 வீதம் என்றார்கள். அப்படியென்றால் விலை பழைய இடத்துக்கு வந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். இல்லை, ஏறுகிற வேகம்தான் அடங்கியது, ஏறியது ஏறியதுதான் என்று விளங்கப்படுத்தினேன். அன்றுதான் எனக்கே விளங்கியது, பழைய விலைக்காக நானும் உள்ளுக்குள் காத்திருந்திருக்கிறேன் என்று. கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் நானாவோடு ஒவ்வொரு முறையும் பழைய விலையைச் சொல்லிச் சண்டை பிடிப்பேன்; மீன்பிடிப் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ஆன பிறகு அவரும் என்னதான் செய்வார்? சண்டையை நிறுத்தி, பாரைக்குப் பதில் சாளை வாங்கத் தொடங்கினேன். மனம் பாதி அடங்கிவிட்டது. 2021இல் கிடைத்த வட்டி உனக்கு இனிக் கிடைக்காது, மகனே. அதோடு ஒப்பிடுவதை விட்டுவிடு.

இனி என் பணத்தின் விடயம். நீ மாதம் ஐம்பதினாயிரம் ரூபாய் அனுப்புகிறாய். அரிசி, மின்சாரம், மருந்து எல்லாவற்றுக்கும் என் ஓய்வூதியம் நெருக்கிப்பிடித்தால் போதும். நீ அனுப்புவதில் ஒரு பகுதிதான் செலவாகிறது: கலியாண வீடு, செத்த வீடு, சித்தியின் மகளுடைய வகுப்புக் கட்டணம், கோணேசர் கோயிலுக்குப் போய்வரும் ஓட்டோக்காசு. மீதியை 2023இலிருந்து வங்கியில் போட்டு வருகிறேன். ஒன்பது இலட்சம் சேர்ந்திருக்கிறது. கனடா டொலரில் நாலாயிரம் சொச்சம், உன் வீட்டுத் தவணைக்கு ஒன்றரை மாதம் காணும் என்று கணக்குப் பார்த்தேன். அதை இங்கிருந்து உனக்கு அனுப்புவது சுலபமில்லை. ஆனால் அது இருக்கும்போது நீ எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஒன்பது இலட்சத்தை ஐம்பதினாயிரத்தால் வகுத்தால் பதினெட்டு மாதம். உனக்கு வேலை நிலைக்கும்வரை ஒரு சதமும் அனுப்பாதே. அனுப்பினால் வங்கியில் எடுக்கமாட்டேன், என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

இரவில் விழிப்பு வந்தால் பங்குச் சந்தை வரைபடத்தைத் திறந்து பார்க்காதே. எழும்பித் தண்ணீர் குடி. வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு, இங்கே பகல்தான்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் வழக்கம்போல எனக்கு அழைப்பாள். குசினியின் படங்கள் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் காட்டுவாள், நான் பார்ப்பேன். "மாமி, இந்த நிறம் நல்லதா?" என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வது? சனிக்கிழமை இரவு பிள்ளை படுத்த பிறகு அவளிடம் சொல்லிவிடு. சொன்னதும் எனக்கு ஒரு வரி எழுது; இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நான் தொலைபேசியை எடுக்கப்போவதில்லை.

அன்புடன்,
அம்மா